ஏழு மாதமும் ஒரே சாவி

செப்டம்பர் 5, 2005, திங்கள்

காலை எட்டரைக்கே வெயில் சுள்ளென்று. செப்டம்பர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். கம்ப்யூட்டர் செக்‌ஷனில் ஒரு ஏசி ரிப்பேர், இன்னொன்று சர்வருக்கு மட்டும்.

புது நோட்டு. சம்பத் சார் (எங்கள் செக்‌ஷன் தலைவர்) சொன்னது: "எஸ்தர், நீ ஒரு நாள் லீவு போட்டா டிபார்ட்மெண்டே நிக்குது. கையால செய்றதெல்லாம் ஸ்கிரிப்ட்டா எழுதிடு. வர்ற வெள்ளிக்குள்ள." ஆபீஸ் விவரம் ஆபீஸ் நோட்டில். இது என் சொந்தப் புலம்பலுக்கு.

எழுதினால்தான் எனக்கு எதுவும் தெளிவாகும். ஆகையால் முதலில் வேலை என்னவென்று.

எங்கள் வேலூர் மருத்துவமனைக்கு வெளியூரில் மூன்று கிளினிக். ஆம்பூர், பேரணாம்பட்டு, நெமிலி. ரத்தம் அங்கே எடுப்பார்கள், பரிசோதனை வேலூரில். ரிப்போர்ட் போன் லைன் வழியாக மெயிலில் போகும். எச்.ஐ.வி. ரிப்போர்ட்டும் அதில் உண்டு. அதனால் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். பூட்டும் புரோகிராம் பைத்தான் மொழியில் நான் எழுதியது. ஆனால் பூட்டுக்கான கடினமான கணக்கையெல்லாம் போடுவது சி மொழியில் யாரோ பெரியவர்கள் எழுதிய மறையாக்க லைப்ரரி. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு துண்டு வேண்டும். அதற்குப் பெயர் எக்ஸ்டென்ஷன். அதுவும் என் கைவேலைதான்.

தொல்லை அந்தத் துண்டைக் கட்டுவது. நாலு இடம், நாலு கம்ப்யூட்டர், நாலும் நாலு விதம். லைப்ரரியை கம்பைல் செய், பைத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டு, எக்ஸ்டென்ஷனை கம்பைல் செய், சேர், ஓட்டிப் பார், சிடியில் ஏற்று. எண்ணினேன், நாற்பத்தோரு படி. ஒரு முழு நாள். ஒரு படி தவறினால் முதலிலிருந்து. லைப்ரரிக்காரர்கள் ஓட்டை அடைத்துப் புதுப் பதிப்பு விட்டு மாதக்கணக்காகிறது. நாற்பத்தோரு படிக்குப் பயந்து நான் தொடவே இல்லை.

வீட்டில்: கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும். மகள் ப்ரியாவுக்குக் காலாண்டுத் தேர்வு டைம்டேபிள் வந்துவிட்டது. கணக்கு முதல் நாளே.

செப். 6, செவ்வாய்

ஸ்டோரிலிருந்து ஒரு பழைய மெஷின் வாங்கினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். என் மெஷினில் கட்டினால் என் மெஷினின் கோளாறும் கூடவே வரும் என்று எங்கோ படித்தது. சுத்தமான மெஷினில் கட்டினால்தான் யார் கட்டினாலும் ஒன்று போல வரும்.

படி ஒன்பதில் நின்றது. கம்பைல் செய்யத் தேவையான ஒரு ஹெடர் ஃபைல் காணோம். என் மெஷினில் எப்போதோ வைத்திருக்கிறேன், எப்போது என்று ஞாபகமில்லை.

படி பதினாலு. அதே கதை.

படி இருபது. அதே. இத்தனை நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாமல் செய்திருக்கிறேன்.

மதியம் லெமன் சாதம். ஊறுகாய் மறந்தது.

செப். 7, புதன்

சாயங்காலம் இடியோடு நல்ல மழை. பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஸ்கிரிப்ட் படி முப்பத்தைந்து வரை தானாக ஓடுகிறது. ஒன்பது டெஸ்டும் எழுதி முடித்தேன். கட்டி முடித்ததும் அதுவே தன்னைச் சோதித்துக்கொள்ளும். பூட்டு, திற, எழுத்து மாறவில்லையே? தப்புச் சாவி போட்டால் திறக்கக் கூடாது. ஒரே ரிப்போர்ட்டை இரண்டு முறை பூட்டினால் இரண்டு வேறு வேறு சாவி வர வேண்டும். இப்படி.

வீட்டில் என் கணவர் கேட்டார், "இன்னா, முகம் இவ்ளோ பிரகாசமா இருக்கு?" சொன்னேன். கணக்கு வாத்தியார், பாதி புரிந்தது. மீதிக்குச் சிரித்தார்.

செப். 8, வியாழன்

காலை 11.20. என் கை படாமல் நாற்பத்தோரு படியும் ஓடி முடிந்தது. பதினெட்டு நிமிடம். ஒன்பது டெஸ்டும் பாஸ். எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து சீட்டிலிருந்து, "இன்னா மேடம், லாட்டரியா?"

அதோடு விட்டிருக்கலாம்.

ஒப்பிடுவதற்காக, பிப்ரவரியில் நான் கையால் கட்டி இன்று வரை எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிடியைப் போட்டு அதே ஒன்பது டெஸ்டையும் ஓட்டினேன்.

ஏழாவது ஃபெயில்.

இரண்டு முறை பூட்டினால் இரண்டு சாவி. அதுதான் ஏழாவது. டெஸ்ட்தான் தப்பு என்று நினைத்தேன். மறுபடி ஓட்டினேன். ஃபெயில். சாவியின் முதல் எட்டு எழுத்தைத் திரையில் காட்டச் சொன்னேன். மூடித் திறந்து மறுபடி. அதே எட்டு எழுத்து. மெஷினையே அணைத்துப் போட்டேன். அதே எட்டு.

டீ குடிக்கப் போனேன். குடித்தேனா என்று தெரியவில்லை. திரும்பி வந்து ஓட்டினேன். அதே.

12.50க்குக் கண்டுபிடித்தேன். ஜனவரியில் எக்ஸ்டென்ஷன் எழுதும்போது, சோதிக்க வசதியாக ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். ஒரு வரி போட்டால் சாவி குருட்டாம்போக்கில் வராது, எப்போதும் ஒரே எண்ணிலிருந்து தொடங்கும். சோதனைக்கு மட்டும். அந்த வரி என் மெஷினின் தொடக்க ஃபைலில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. என் மெஷினில் நான் கட்டியதெல்லாம் அந்த வரியோடுதான் கட்டப்பட்டது. சுத்தமான மெஷினில் அந்த வரி இல்லை. அதனால்தான் வித்தியாசம்.

எனக்கே புரியும்படி எழுதுகிறேன். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அந்த நிமிடத்தில் ஒரு புதுச் சாவி பிறக்க வேண்டும். அந்தச் சாவியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து அனுப்புவோம். அந்தப் பெட்டியைத் திறக்கும் பிளாப்பி கிளினிக்கில் ஒருவரிடம் மட்டும் இருக்கும். பெட்டி கெட்டி. ஆனால் உள்ளே இருந்த சாவி ஏழு மாதமாக ஒன்றே. எங்கள் சிடி யாரிடம் இருந்தாலும் பெட்டியைத் தொடாமலே அதே சாவியை உருவாக்கிக்கொள்ளலாம்.

பிப்ரவரியிலிருந்து. மூன்று கிளினிக். எல்லா ரிப்போர்ட்டும்.

பாஸ்கர்.

இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

செப். 9, வெள்ளி

தலைவலி. மாத்திரை இரண்டு.

பாஸ்கர் விஷயத்தை எழுதிவிட வேண்டும்.

ஆம்பூர் கிளினிக்கில் கிளார்க். நாற்பது வயது இருக்கும். பிளாப்பி அவரிடம்தான். ஜூலையில் ஷூ கம்பெனியில் தைக்கிற ஒரு பெண் (பெயர் இங்கேயும் எழுத மாட்டேன்) கிளினிக்குக்கு வந்து சத்தம் போட்டாள். அவள் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் முன்னாலேயே கம்பெனி சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டானாம், "உனக்கு எதுக்குமா எச்.ஐ.வி. டெஸ்டு?" ரிசல்ட் நெகட்டிவ். ஆனால் டெஸ்ட் எடுத்தாள் என்பதே போதுமாக இருந்தது. பக்கத்து மெஷின்காரி இடம் மாறிக்கொண்டாளாம். ஒரு வாரத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

விசாரணை வைத்தார்கள். பூட்டை உடைத்திருக்க முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். நகல் என் டிராயரில் இருக்கிறது. இன்று எடுத்துப் பார்த்தேன்:

"பிளாப்பி இல்லாமல் ரிப்போர்ட்டைத் திறக்க எந்த வகையிலும் வாய்ப்பில்லை."

கீழே என் கையெழுத்து. எஸ்தர் சாமுவேல். தேதி. எழுத ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா?

பிளாப்பி பாஸ்கரிடம் மட்டும். வேறு வழியில்லை என்று நான் சொல்லிவிட்டேன். அப்படியென்றால் பாஸ்கர்தான். வேலையிலிருந்து நீக்கினார்கள். விசாரணை முடிந்து வராண்டாவில் அவர் என்னைப் பார்த்தார். நான் வணக்கம் வைத்தேன். அவர் வைக்கவில்லை. அன்றைக்குக் கோபம்கூட வந்தது எனக்கு.

சம்பத் சார் இன்று காலை, "ஸ்கிரிப்ட் முடிஞ்சுதா?" முடிந்தது சார். "சூப்பர்." சொல்லவில்லை. முதலில் ஆம்பூர் போய்ப் பார்க்க வேண்டும். வெளியே சிடி போயிருக்கவில்லை என்றால்? போகாமல் இருந்தால் நான் எழுதியது தப்பாகாது, பாஸ்கர் விஷயமும் மாறாது. ஏன் இப்படி ஆசைப்படுகிறேன்?

செப். 10, சனி

ஆம்பூர். நாலு வழிச் சாலை வேலை இன்னும் நடக்கிறது. பஸ் ஒன்றரை மணி நேரம் புழுதியில். பக்கத்து சீட்டுப் பெண் போனில் சத்தமாக, "பிரியாணிக்கு அரிசி கம்மியா போடு, கறி ஜாஸ்தியா போடு, அவ்ளோதான்."

ஜெயா சிஸ்டர்தான் கிளினிக்கைப் பார்த்துக்கொள்கிறார். காரணம் சொல்லாமல் கேட்டேன், "சிஸ்டர், ஜூன், ஜூலைல போன் லைன் இல்லாம இருந்துச்சே, ரிப்போர்ட் எப்படி எடுத்தீங்க?"

"அய்யோ அந்த பேஜார ஏன் கேக்கறீங்க. ரோடு தோண்டி கேபிள அறுத்துட்டானுங்க. அஞ்சு வாரம். பாஸ்கர்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் போய் மெயில இறக்கினு வருவாரு."

"பூட்டின ஃபைலாவா?"

"பூட்டினதுதான். இங்க வந்துதான் தொறப்பாரு. நடுவுல ஒரு வாரம் நம்ம கம்ப்யூட்டர் பவர் சப்ளை எரிஞ்சு போச்சு. அப்போ மட்டும் அங்கயே சிடி போட்டு தொறந்தாரு. அங்கருந்தே உங்களுக்கு போன் பண்ணி கேட்டாரே?"

கேட்டார். இப்போது ஞாபகம் வருகிறது. நான் சொன்னேன், "தாராளமா போடுங்க பாஸ்கர், பிளாப்பி உங்க கிட்டதான இருக்கு." வேலை அவசரத்தில் ஒரு வரி.

அப்படியென்றால் அந்த மெஷினில் பூட்டிய ஃபைலும் இருந்தது, எங்கள் புரோகிராமும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் வந்து போகிற இடம்.

பிரவுசிங் சென்டர் போனேன். எட்டு மெஷின், ஒரு டேபிள் ஃபேன். கடைக்காரர் பாய், நல்ல மனிதர். "பாஸ்கர் சாரா? தெரியும்மா. நாலாம் நம்பர் மெஷின்லதான் உக்காருவாரு."

"அந்த மெஷினப் பாக்கலாமா?"

"அது இல்லமா. ஆகஸ்ட்ல ஹார்ட் டிஸ்க் போச்சு. பிரிச்சு வித்துட்டேன். ஏன், இன்னா ஆச்சு?"

ஒன்றுமில்லை பாய் என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஆக, தெரியாது. யாராவது திறந்தார்களா, இல்லை வேறு வழியில் வெளியே போனதா, இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. தெரிந்தது ஒன்றுதான். வாய்ப்பில்லை என்று எழுதியது தப்பு.

கிளம்பும்போது ஜெயா சிஸ்டர் சொன்னார், "பாஸ்கர் இப்போ பேரணாம்பட்டுல தோல் ஷாப்ல லோடு ஏத்தறாராம். பாவம். ஆனா அவர்தான்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்களே மேடம்."

அப்படி எழுதவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

செப். 12, திங்கள்

சம்பத் சார் அறை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். பழைய சிடி, புது சிடி, ஏழாவது டெஸ்ட் எல்லாம் ஓட்டிக் காட்டினேன். அவர் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்."

"சரி. புது பில்ட் ரெடியா இருக்கு இல்ல? நாளைக்கே எல்லா இடத்துலயும் மாத்திடு. லைப்ரரி அப்டேட்னு சொல்லு. பொய் இல்ல அது."

"பாஸ்கர், சார்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார், "எஸ்தர், இது வெளிய வந்தா இன்னா ஆகும்னு யோசி. ஜனங்க டெஸ்டுக்கு வர்றதே பெரிய விஷயம். ஒவ்வொருத்தரையும் கால்ல விழாத குறையா கூப்புட்டு வர்றாங்க நர்ஸுங்க. ஏழு மாசம் பூட்டு சரியில்லன்னு தெரிஞ்சா ஒருத்தன் வரமாட்டான். வராதவன் செத்துப்போவான். ஒரு பாஸ்கருக்காக?"

கெட்டவர் இல்லை. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

"அவரு நிரபராதின்னு நீ நிரூபிக்க முடியுமா?"

"முடியாது சார்."

"அப்புறம்?"

சிடி இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

செப். 13, செவ்வாய்

முதலில் ஓட்டையை அடைப்பது. அதில் சந்தேகமில்லை.

என் தொடக்க ஃபைலிலிருந்து அந்த வரியை அழித்தேன். ஒரே வரி. அழிக்க ஒரு வினாடி. சுத்தமான மெஷினையே இன்னொரு முறை அழித்து, முதலிலிருந்து ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். நாலு மெஷினுக்கும் நாலு சிடி. ஒன்பது டெஸ்டும் பாஸ். ஏழாவதை நூறு முறை ஓடும்படி மாற்றினேன். நூறும் வேறு வேறு. ஒரு டெஸ்ட் தோற்றாலும் சிடி எழுதாமல் நின்றுவிடும்படியும் செய்தேன்.

வேலூர் சர்வரில் மாற்றியாயிற்று. மற்ற மூன்றும் மருத்துவமனை ஜீப்பில் போயின. போனிலேயே உட்கார்ந்து ஏற்ற வைத்தேன். நெமிலியில் இருப்பவர், "மேடம், இது முன்ன மாதிரிதானே இருக்கு, இன்னா மாறுச்சு?" லைப்ரரி அப்டேட் என்றேன். பொய் இல்லை. பொய் மாதிரியே இருந்தது.

சாயங்காலம் 5.10க்கு எல்லா இடமும் மாறியது. இன்றிலிருந்து போகும் ரிப்போர்ட்டைப் பிளாப்பி இல்லாமல் யாரும் திறக்க முடியாது. நிம்மதி வரும் என்று பார்த்தேன்.

ப்ரியா கேட்டாள், தசமத்தில் புள்ளி எங்கே வைப்பது என்று. தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் திருத்தினார்.

செப். 14, புதன்

லீவு. வீட்டில் உட்கார்ந்து கடிதம்.

முதல் தடவை: மூன்று பக்கம். எல்லாம் விளக்கம். கிழித்தேன்.

இரண்டாவது: "தொழில்நுட்பக் காரணங்களால்..." அது யார்? காரணமா கட்டியது? கிழித்தேன்.

மூன்றாவது: மன்னிப்பு கேட்டே பாதிப் பக்கம். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட எழுதியது போல. கிழித்தேன்.

அவர் ஸ்கூல் விட்டு வந்தார். தரையெல்லாம் காகிதம். சொன்னேன், முழுவதும். அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

"வேலை போய்டுமா?"

"போகலாம்."

"அந்த ஆளுக்குப் போய்ட்ச்சு இல்ல?" கொஞ்சம் நேரம் கழித்து, "எழுதிக் குடுத்துடு எஸ்தர். குடுக்கலைனா நீ தினம் இப்படித்தான் உக்காந்துனு இருப்ப."

நாலாவது: ஒன்பது வரி. பிப்ரவரியில் கட்டியது நான். சோதனை வரியை அகற்றாதது நான். பிளாப்பி இல்லாமலே திறக்க முடிந்திருக்கும். பிரவுசிங் சென்டரில் சிடி போடலாம் என்று சொன்னதும் நான். ஜூலையில் நான் எழுதிக் கொடுத்தது தவறு. அதைச் சோதிக்காமல் எழுதினேன். அந்தக் கடிதத்தை வைத்து பாஸ்கர்மேல் எடுத்த முடிவைத் திரும்பப் பார்க்க வேண்டும். 13ஆம் தேதி எல்லா இடத்திலும் மாற்றியாயிற்று. ஏழு மாதத்தில் ரிப்போர்ட் போனவர்களுக்கு என்ன சொல்வது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

படித்துப் பார்த்தேன். மாற்ற எதுவும் இல்லை.

செப். 15, வியாழன்

மருத்துவமனை சூப்பரின்டென்டென்ட் ஆபீஸில் கொடுத்தேன். உள்ளே ஏதோ மீட்டிங். பி.ஏ. அம்மா சீல் குத்தி நகல் கொடுத்தார். "தண்ணி வேணுமாம்மா?" என்றார்.

பிறகு சம்பத் சாரிடம் நகல். நின்றபடியே படித்தார்.

"என் பேரு எங்கயும் இல்ல."

"நீங்க எதுவும் பண்ணலையே சார்."

"திங்கட்கிழமையே எனக்குத் தெரியும் இல்ல?" காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். "போ எஸ்தர். வேலையப் பாரு."

மதியம் கேன்டீனில் வேறு மேஜையில் உட்கார்ந்தார்.

செப். 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராக பேரணாம்பட்டு. அவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

பாஸ்கர் வீடு கண்டுபிடிக்க அரை மணி. ஒரு அறை, முன்னால் தகரம். அவர் மனைவி வாசலில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கை நின்றது. உள்ளே பார்த்து, "ஏங்க, வேலூர் ஆஸ்பத்திரிலிருந்து" என்று மட்டும் சொன்னார்.

பாஸ்கர் இளைத்திருந்தார். விரல் நுனியெல்லாம் நீலம், தோல் பதனிடும் மருந்தின் கறை. உட்காருங்கள் என்று சொல்லவில்லை. மனைவிதான் ஸ்டூல் கொண்டுவந்தார்.

கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார். ஒன்பது வரிக்கு இவ்வளவு நேரமா என்று தோன்றியது. இரண்டாவது முறை படிக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"ஜூலைல அந்த லெட்டர் எழுதினீங்களே. எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"இப்போ பாத்தது?"

"புது பில்ட்டுக்காகப் பாத்தேன். உங்களுக்காக இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் அதுதான் உண்மை. அவர் தலையாட்டினார்.

மனைவி வெளியிலிருந்தே, "எங்க மாமியார் வீட்ல இவர உள்ளயே சேக்கல மேடம், தெரியுமா? ஊர் பொம்பளைங்க ரிப்போர்ட்ட வித்தவன்னு சொன்னாங்க. சொந்த அம்மா." குரல் உயரவில்லை. பீடி சுற்றுவது நிற்கவும் இல்லை.

டீ கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது பாஸ்கர் கேட்டார், "இந்தக் காயிதம் நான் வச்சுக்கலாமா?"

செப். 22, வியாழன்

விசாரணை. ஆறு பேர், நீள மேஜை. ஜெயா சிஸ்டரும் வந்திருந்தார். பாஸ்கரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஜூலையில் அவர் நின்ற இடத்தில் இன்று நான். அவருக்கு நாற்காலி.

கடிதத்தை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். பழைய சிடியை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். புரொஜக்டரில் ஓட்டினேன். அதே எட்டு எழுத்து, சுவர் அகலத்துக்கு. மூன்று முறை.

ஒரு டாக்டர், "அப்போ வெளிய விட்டது இவர் இல்லன்னு சொல்றீங்களா?"

"இவர்தான்னு சொல்ல என் லெட்டர் ஆதாரம் இல்லன்னு சொல்றேன் டாக்டர். அது இல்லாம வேற என்ன ஆதாரம் இருந்துச்சு?"

ஃபைலைப் புரட்டினார்கள். புரட்டிக்கொண்டே இருந்தார்கள். வேறு எதுவும் இல்லை.

எதிர்பாராதது: சம்பத் சார் எழுந்தார். "இந்த பில்ட்ட ரெண்டாவது ஆள் செக் பண்ற முறையே நம்ம டிபார்ட்மெண்ட்ல இல்ல. அது என் பொறுப்பு. அதையும் எழுதிக்கோங்க." உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் பார்க்கவில்லை.

அழவில்லை. பாத்ரூமில்தான்.

செப். 29, வியாழன்

முடிவு வந்தது.

எனக்கு: எழுத்து மூலம் எச்சரிக்கை. இந்த வருட இன்கிரிமென்ட் இல்லை. இனி நான் கட்டும் எதையும் இன்னொருவர் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்து போட்ட பிறகே வெளியே போக வேண்டும். இதை நானே எழுதிக் கொடுத்திருப்பேன்.

பாஸ்கருக்கு: நீக்கியது ரத்து. பழைய வேலை, விட்ட மாதங்களுக்கும் சம்பளம்.

ரிப்போர்ட் போனவர்களுக்கு: நர்ஸ்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வது. தபால் கிடையாது. தபாலை வீட்டில் வேறு யாராவது பிரிப்பார்கள்.

ஜெயா சிஸ்டர் போன். ஷூ கம்பெனிப் பெண்ணை முதல் ஆளாகப் போய்ப் பார்த்தாராம். இப்போது வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். "எல்லாம் சொன்னேன் மேடம். கேட்டுட்டு, 'இத அந்த சூப்பர்வைசர் கிட்ட போய் சொல்லுங்க சிஸ்டர், எனக்கு எதுக்கு'ன்னு சொல்லி கதவ சாத்திட்டா."

டெஸ்டுக்கு வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்களா என்று கேட்டேன். "விசாரணை சேதி பரவினதுலருந்து கொஞ்சம் கம்மிதான். வருவாங்க. நாங்க போய் கூப்புடுவோம்."

சம்பத் சார் பயந்தது முழுக்கத் தப்பில்லை. குறைந்ததில் யார் யார் என்று எனக்குத் தெரியாது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ப்ரியா கணக்கில் எண்பத்தொன்று.

அக்டோபர் 5, புதன்

லேசான தூறல் காலையிலிருந்து. ஆம்பூர், லைப்ரரியின் அடுத்த பதிப்போடு. இந்த முறை இரண்டாவது ஆள் கையெழுத்து போட்ட சிடி. சம்பத் சார் கையெழுத்து. நாற்பத்தோரு படியையும் ஒன்பது டெஸ்டையும் தானே உட்கார்ந்து ஓட்டினாராம். பதினெட்டு நிமிடமும்.

பாஸ்கர் திங்களன்றே சேர்ந்துவிட்டார். அதே மேஜை. விரலில் நீலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வணக்கம் வைத்தேன். தலையசைத்தார்.

சிடியை ஏற்றினேன். கிளினிக் வாசலில் ஐந்தாறு பேர் ரிப்போர்ட்டுக்காக நின்றார்கள். "இன்னும் எவ்ளோ நேரம்மா" என்று ஒரு கிழவர். ஜெயா சிஸ்டர், "கொஞ்சம் இரு தாத்தா, பூட்டு மாத்தறாங்க."

டெஸ்ட் ஓடியது. பாஸ்கர் என் பின்னால் நின்று பார்த்தார். ஒன்று பாஸ், இரண்டு பாஸ். ஏழில் மட்டும் குனிந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். நூறு சாவி, நூறும் வேறு. பாஸ். எட்டு, ஒன்பது.

"முடிஞ்சுது பாஸ்கர். சிடி ஏத்தினதுக்கு கையெழுத்து போடுங்க."

பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றவில்லை.

"இன்னொரு தடவ ஓட்டுங்க மேடம்."

ஓட்டினேன். எல்லாம் பாஸ்.

"எழுந்திருங்க," என்றார். எழுந்தேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, அவரே முதலிலிருந்து ஓட்டினார்.